எழுபது சதவீதம் தவறியபோது: ஒரு வியூக கேமைத் திருத்திய பதிவு

எட்டு மாதம் தனியாக உட்கார்ந்து செய்த கேம் இது. அறுகோணக் கட்டங்களால் ஆன மேப், தானியம், இரும்பு என்று இரண்டே வளங்கள், ஐந்து மலைக்கணவாய்கள், மாறி மாறி முறை வைத்து ஆடும் போர். கேம் உருவாக்கும் மென்பொருளான கோடாட் எஞ்சினில் எழுதினேன். மேப் உருவாவது, சண்டை, சேமிப்பு எல்லாம் ஒழுங்காக ஓடத் தொடங்கியதும் ஆறு பேருக்கு முதல் பில்டை, அதாவது ஆடிப் பார்க்கும் பதிப்பை, அனுப்பினேன். ஆறு பேரும் அன்றே பதில் போட்டார்கள்: "நன்றாக இருக்கிறது." ஒரு வாரம் கழித்து விசாரித்தபோது, ஒருவர்கூட அதை இரண்டாவது முறை திறக்கவில்லை என்று தெரிந்தது.

அந்த "நன்றாக இருக்கிறது" என்பதற்கு உள்ளே என்ன இருந்தது என்று தோண்டிப் பார்ப்பதிலேயே அடுத்த ஒரு வருடம் போனது. என்ன செய்தேன், எது பலித்தது, எதைப் பிரித்துப் போட்டு மறுபடி கட்டினேன் என்பதை வரிசையாக எழுதி வைக்கிறேன். வியூக கேம் செய்கிறவர்களை மனதில் வைத்து எழுதுகிறேன். வேறு வகை கேம்களுக்கு இதில் பாதி பொருந்தாமல் போகலாம்.

மைக்கை அணைத்துவிட்டுப் பார்த்தது

கேள்வித்தாள் அனுப்பிப் பயனில்லை என்று புரிந்ததும், ஆறு பேரில் ஒருவரிடம் திரையைப் பகிர்ந்தபடி அரை மணி நேரம் ஆடச் சொன்னேன். மனதில் ஓடுவதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே ஆடுங்கள் என்று மட்டும் கேட்டுக்கொண்டு, என் மைக்கை அணைத்தேன். உதவவே கூடாது என்பது எனக்கு நானே போட்டுக்கொண்ட விதி. விற்ற பிறகு ஆடுகிறவர் பக்கத்தில் நான் இருக்கப் போவதில்லையே.

பதினோரு நிமிடம் அவர் முதல் டர்னை, அதாவது தன் முதல் முறையை, முடிக்கவில்லை. படை வீரனைச் சுற்றி இருந்த மஞ்சள் வளையத்தை எதிரி என்று நினைத்தார். நான் "இன்னும் நகரலாம்" என்பதற்காகப் போட்ட வளையம் அது. ஒரு முறை தவறான கட்டத்தில் கிளிக் செய்துவிட்டு, "ஐயோ, திரும்ப வர முடியாதா?" என்று கேட்டார். அதன்பிறகு ஒவ்வொரு கிளிக்குக்கும் முன்னால் தயங்கினார். ஆட்டம் அவருக்கு யோசனையைத் தரவில்லை, பயத்தைத் தந்தது. எனக்கு நெஞ்சு அடைத்துக்கொண்டது. அவர் கடைசியில் சொன்னதும் அதே வாக்கியம்தான்: "நன்றாக இருக்கிறது." ஒருவரின் உழைப்பை முகத்துக்கு நேராகக் குறை சொல்ல யாருக்கும் மனம் வராது. அந்த வாக்கியம் மரியாதை. தகவல் முழுக்க அந்தப் பதினோரு நிமிடத்தில்தான் இருந்தது.

மற்றவர்களிடமும் இதையே செய்தேன். நோட்டில் இரண்டு பத்தி வைத்தேன்: இடப்பக்கம் அவர்கள் என்ன செய்தார்கள், வலப்பக்கம் என்ன சொன்னார்கள். நான்காவது ஆளுக்கு வரும்போது இடப்பக்கம் ஒரே மாதிரி ஆகிவிட்டது. வளையத்தின் நிறத்தை மாற்றினேன், நகராத யூனிட் மிச்சம் இருந்தால் டர்ன் முடிக்கும் பட்டன் மங்கலாகத் தெரியும்படி செய்தேன். இவை ஒரு மாலை வேலை.

நகர்த்தியதைத் திரும்ப எடுக்கும் வசதி மட்டும் இரண்டு வாரம் இழுத்தது. வியூக கேமில் அதைக் கண்ணை மூடிக்கொண்டு கொடுத்துவிட முடியாது. இன்னும் பார்க்காத கட்டங்களை மறைக்கும் மூடுபனிக்குள் ஒரு யூனிட்டை அனுப்பி, அங்கே எதிரி இருப்பதைப் பார்த்துவிட்டுத் திரும்பக் கூட்டி வந்தால் ஒற்றனுக்கே வேலை இல்லாமல் போய்விடும். ஆகவே இப்படி வைத்தேன்: அந்த நகர்வில் புதிய கட்டம் எதுவும் வெளிப்படவில்லை, கேம் எந்தத் தற்செயல் எண்ணையும் எடுக்கவில்லை என்றால் திரும்ப எடுக்கலாம். இரண்டில் ஒன்று நடந்துவிட்டால் பட்டன் மறைந்துவிடும், ஏன் என்று அந்த இடத்தில் சுட்டியை வைத்தால் வரும் சிறு குறிப்பு (டூல்டிப்) சொல்லும். இதைப் போட்ட பில்டில்தான் முதல் முறையாக ஒருவர் கேட்காமலேயே இரண்டாவது ஆட்டம் ஆடினார்.

பகடை மேல் வந்த புகார்

ஆடுகிறவர்கள் எண்ணிக்கை முப்பதைத் தாண்டியதும் ஒரே ஒரு புகார் மழையாகக் கொட்டியது: கணினி ஏமாற்றுகிறது. அப்போது தாக்குதலுக்கு 70 சதவீத வாய்ப்பு என்று திரையில் காட்டிக்கொண்டிருந்தேன். "மூன்று முறை அடுத்தடுத்துத் தவறுகிறது, இது எப்படி 70 சதவீதம்?" என்று கேட்டார்கள்.

முதலில் நான் செய்தது, கோடில் தவறு இருக்கிறதா என்று பார்த்தது. பத்து லட்சம் தாக்குதலை ஓட்டிப் பார்க்க ஒரு சின்ன ஸ்கிரிப்ட் எழுதினேன். பகடை, அதாவது தற்செயல் எண்ணை எடுக்கும் கோடு, சுத்தமாக இருந்தது. பிறகு கணக்கை எடுத்து விளக்கினேன். மூன்று தாக்குதலும் அடுத்தடுத்துத் தவற வாய்ப்பு 0.3 × 0.3 × 0.3, அதாவது 2.7 சதவீதம். கேட்கச் சிறியதாக இருக்கும். ஆனால் ஓர் ஆட்டத்தில் 60 தாக்குதல் நடந்தால், இப்படி ஒரு தொடர் சராசரியாக ஒரு முறையாவது வரும். ஆக, கிட்டத்தட்ட பத்தில் ஏழு ஆட்டத்தில் இந்த அநியாயம் ஒரு முறையாவது நடக்கும். கணக்கை எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். ஒருவருக்கும் கோபம் குறையவில்லை.

இந்த வழியில் முன்னால் போனவர்கள் நிறைய பேர். 2003இல் தொடங்கிய திறந்த மூல கேம் பேட்டில் ஃபார் வெஸ்நோத்தில் தாக்குதல் விழும் வாய்ப்பை நிற்கும் நிலம் தீர்மானிக்கிறது. அதை ஆடுகிறவர்களிடையே பகடையைப் பற்றிய பேச்சு ஓய்ந்ததே இல்லை. சிவிலைசேஷன் கேமை உருவாக்கிய சிட் மெயர், கேம் உருவாக்குநர்கள் கூடும் ஜிடிசி மாநாட்டில் 2010இல் பேசியபோது, 3க்கு 1 என்று பலம் காட்டினால் ஆடுகிறவர் அதைக் கிட்டத்தட்ட உறுதியான வெற்றியாகவே எடுத்துக்கொள்கிறார் என்று சொன்னார். 2க்கு 1இல் தோற்றால் பொறுத்துக்கொள்கிறவர்களே 20க்கு 10இல் தோற்றால் கொதித்துப்போகிறார்களாம். ஃபயர் எம்பளம் வரிசையில் பல கேம்கள் வேறு வழியில் போயின: இரண்டு தற்செயல் எண்களை எடுத்து அவற்றின் சராசரியைப் பயன்படுத்தின. அப்படிச் செய்தால் திரையில் 70 என்று இருக்கும் தாக்குதல் உண்மையில் 82 சதவீதம் விழும், 30 என்று இருப்பது 18க்கு இறங்கும். ஆடுகிறவர் மனம் எதிர்பார்க்கிற 70 அதுதான்.

நானும் அந்த வழியைப் பிடித்தேன். புதுப்பிப்புக் குறிப்பில் அதைச் சொல்லாமல் விட்டேன். அது தவறு. என் கேமை ஆடுகிறவர்களில் சிலர் எல்லாவற்றையும் தாளில் எண்ணுகிறவர்கள். இரண்டே நாளில், காட்டும் எண்ணும் நடப்பதும் பொருந்தவில்லை என்று அட்டவணையோடு வந்து நின்றார்கள். "கணினி ஏமாற்றுகிறது" என்ற புகார், "செய்தவர் ஏமாற்றுகிறார்" என்று மாறியது. மன்னிப்புக் கேட்டு அதை எடுத்துவிட்டேன். வியூக கேமில் திரையில் தெரியும் எண் என்பது ஆடுகிறவருக்கு நாம் கொடுக்கும் வாக்கு. அதன் மேல் நின்றுதான் அவர் திட்டம் போடுகிறார்.

அதன்பிறகுதான் புகார் வந்த ஆட்டங்களை ஒவ்வொன்றாக முழுமையாகப் பார்த்தேன். இதை முதலிலேயே செய்திருக்க வேண்டும். கோபம் வந்த இடங்கள் எல்லாம் ஒரே மாதிரி இருந்தன. குதிரைப்படை ஒன்று தாக்குகிறது, தவறுகிறது, எதிரி டர்னில் செத்துப்போகிறது. குதிரைப்படையை மறுபடி உருவாக்க ஆறு டர்ன் ஆகும். அந்த ஆறு டர்னுக்குள் கணவாய் போய்விடும், கணவாய் போனால் இரும்பு போய்விடும். ஒரே ஒரு தவறிய தாக்குதல் முழு ஆட்டத்தையும் விழுங்கிக்கொண்டிருந்தது. ஈட்டிப்படை தவறியபோது யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை, அது இரண்டே டர்னில் கிடைத்துவிடும் என்பதால். ஆக, பகடையின் மேல் குற்றமே இல்லை, தோல்வியின் விலைதான் அதிகமாக இருந்தது.

குதிரைப்படையை நான்கு டர்னுக்கு இறக்கினேன். அடிபட்ட யூனிட் செத்துப்போவதற்குப் பதிலாக ஒரு கட்டம் பின்வாங்க வாய்ப்புக் கொடுத்தேன். தாக்குவதற்கு முன்னால், தவறினால் என்ன ஆகும் என்பதையும் டூல்டிப்பில் சேர்த்தேன். 70 சதவீதம் 70 ஆகவே இருந்தது. பகடைப் புகார் ஒரு மாதத்தில் அநேகமாக நின்றுபோனது.

மேஜிக்: தி கேதரிங் கேமின் தலைமை வடிவமைப்பாளர் மார்க் ரோஸ்வாட்டர் 2016 ஜிடிசி உரையில், ஆடுகிறவர்கள் பிரச்சினையைக் கண்டுபிடிப்பதில் கெட்டிக்காரர்கள், அதற்குத் தீர்வு சொல்வதில் அவ்வளவாக இல்லை என்ற பொருளில் பேசியிருக்கிறார். அதை முன்பே கேட்டிருந்தேன், ஒப்புக்கொண்டும் இருந்தேன். ஆனாலும் அவர்கள் விரல் நீட்டிய இடத்திலேயே நானும் மூன்று மாதம் தோண்டிக்கொண்டிருந்தேன். வயிறு வலிக்கிறது என்று வருகிறவரிடம் என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்பதுபோல, இப்போது புகார் வந்ததும் முந்தைய பத்து டர்னைத்தான் முதலில் பார்க்கிறேன்.

எண்களை நம்பிச் செய்த தவறு

ஆட்டத்தை எந்த டர்னில் விட்டுவிட்டுப் போகிறார்கள் என்று தெரிந்துகொள்ள, முதல் முறை திறக்கும்போதே அனுமதி கேட்டு, பெயரில்லாத சிறு பதிவு ஒன்றை அனுப்ப வைத்தேன். டர்ன் எண், எந்தப் பக்கம், மேப் எண், வெற்றியா தோல்வியா, அவ்வளவுதான். தோற்கும்போது விட்டுப் போவார்கள் என்று எதிர்பார்த்தேன். அது அப்படி இல்லை. பெரும்பாலானவர்கள் ஜெயித்துக்கொண்டிருக்கும்போது, 35ஆவது டர்ன் வாக்கில் விட்டுப் போனார்கள். யார் வெல்வார் என்பது அப்போதே முடிவாகிவிட்டது. ஆனால் கடைசி நகரத்தைப் பிடிக்க இன்னும் நாற்பது டர்ன் படைகளை இழுத்துக்கொண்டு நடக்க வேண்டும். ஐந்து கணவாய்களில் மூன்றை ஐந்து டர்ன் தொடர்ந்து கையில் வைத்திருந்தால் வெற்றி என்று மாற்றினேன். தோற்றுக்கொண்டிருப்பவருக்கும் இதில் ஒரு பிடி கிடைத்தது. எங்கே முட்டி மோத வேண்டும் என்று அவருக்கும் தெரிந்துவிட்டது.

இந்த வெற்றியில் எண்கள் மேல் எனக்கு அளவு கடந்த நம்பிக்கை வந்துவிட்டது. ஸ்லே தி ஸ்பயர் என்ற சீட்டு கேமை உருவாக்கியவர்கள், 2017 நவம்பரில் ஏர்லி ஆக்சஸில், அதாவது முழுமையாவதற்கு முன்பே விற்பனைக்கு, விட்டதிலிருந்து 2019 ஜனவரியில் முழுமையாக வெளியிடும் வரை ஆட்டத் தரவுகளை வைத்துச் சீட்டுகளைச் சரிசெய்துகொண்டே இருந்தார்கள். நானும் அட்டவணையைத் திறந்தேன். கவண் யூனிட் கட்டியவர்களின் வெற்றி விகிதம் மற்ற எல்லாவற்றையும்விட மிக உயரத்தில் இருந்தது. உடனே அதன் பலத்தைக் குறைத்தேன்.

மறுநாள் நெடுநாளாக ஆடுகிற ஒருவர் பொறுமையாக எழுதினார்: "கவணை யார் எப்போது கட்டுகிறார்கள் என்று பார்த்தீர்களா? இரும்பு மிச்சம் இருப்பவர்தான் கட்டுவார். இரும்பு மிச்சம் இருந்தால் அவர் ஏற்கெனவே ஜெயித்துக்கொண்டிருக்கிறார்." பதிவில் டர்ன் எண்ணோடு சேர்த்துப் பார்த்தேன். அவர் சொன்னதேதான். வெற்றி கவணைக் கொண்டுவந்தது, நான் அதைத் தலைகீழாகப் படித்திருந்தேன். நான்கு நாளில் பழையபடி ஆக்கினேன். புதுப்பிப்புக் குறிப்பில், அவருடைய அனுமதியோடு அவரது புனைபெயரைப் போட்டு, என் கணிப்பு எங்கே பிழைத்தது என்பதையும் எழுதினேன். அந்தக் குறிப்புக்கு வந்த பதில்கள்தான் அதுவரை எந்தப் புதுப்பிப்புக்கும் வந்ததைவிட அதிகம்.

கூட்டம் சேர்ந்த விதம்

டிஸ்கார்ட் என்ற அரட்டைத் தளத்தில் ஒரு சர்வர் (குழு) திறந்தபோது உள்ளே ஒன்பது பேர், நான் வைத்த சேனல்கள் பதினான்கு. வியூகம், ஓவியம், இசை, பரிந்துரை, அறிமுகம் என்று அறை அறையாகக் கட்டி வைத்தேன். உள்ளே வருகிறவர் பத்து வெற்று அறைகளைப் பார்த்துவிட்டுப் பேசாமல் போனார். மூன்றாகக் குறைத்தேன்: அறிவிப்பு, பேச்சு, பக் (கேமில் வரும் கோளாறு). பேச்சு ஓடத் தொடங்கியது. பிறகு வந்த சேனல்கள் எல்லாம், ஒரே விஷயம் பேச்சறையை நிரப்பி மற்றவர்களுக்குத் தொல்லையானபோது அவர்களே கேட்டு வாங்கியவை.

ஆனால் ஆட்களை உண்மையாகக் கொண்டுவந்தது நான் வேறு காரணத்துக்காகச் செய்த ஒரு வேலை. "41ஆவது டர்னில் உறைந்துவிட்டது" என்று ஒரு பக் வந்தால் என்னால் அதை மறுபடி உண்டாக்கவே முடியாமல் இருந்தது. மேப் எந்தத் தொடக்க எண்ணிலிருந்து உருவானதோ அந்த விதை எண்ணையும் ஆடியவர் கொடுத்த உத்தரவுகளையும் மட்டும் வரிசையாகச் சேமித்தால், ஆட்டத்தை ஆரம்பத்திலிருந்து அப்படியே மறுபடி ஓட்டிப் பார்க்கலாம். கோப்பு சில கிலோபைட்தான் வரும். ஒரே நிபந்தனை, அதே உத்தரவுக்கு எல்லாக் கணினியிலும் அதே விளைவு வர வேண்டும். எனக்கு வரவில்லை. தசமப் புள்ளி எண்கள் வெவ்வேறு கணினிகளில் கடைசி இலக்கத்தில் துளி வேறுபட்டன. அந்தத் துளி, பாதை தேடும் கணக்கில் ஒரு கட்டம் தள்ளிப் போய், பத்து டர்னில் வேறு ஆட்டமாகிவிட்டது. ஆட்ட விதிகளுக்குள் இருந்த தசம எண்களை எல்லாம் முழு எண்களாக மாற்றினேன். சேதம், வேகம், பாதை எல்லாம். ஒரு மாதம் ஆனது. அனிமேஷனுக்கு ஒரு தற்செயல் எண் ஊற்று, சண்டைக்கு வேறொன்று என்றும் பிரித்தேன். இல்லையென்றால் திரையில் ஒரு தூசி பறப்பதுகூடச் சண்டையின் முடிவை மாற்றிவிடும்.

பக் பிடிக்கத்தான் இதைச் செய்தேன். ஒரு நாள் ஒருவர் அந்தக் கோப்பைப் பேச்சறையில் போட்டு, "22ஆவது டர்னில் இருக்கிறேன், வடக்குக் கணவாய் போகப் போகிறது, இதைக் காப்பாற்ற வழி இருக்கிறதா?" என்று கேட்டார். மாலைக்குள் ஐந்து பேர் ஐந்து விதமாக ஆடி அனுப்பினார்கள். ஒருவர் கணவாயையே விட்டுக்கொடுத்துவிட்டுத் தெற்கே பாய்ந்து ஜெயித்திருந்தார். எனக்கே தோன்றாத ஆட்டம் அது. அன்றிலிருந்து வாரம் ஒரு நிலையை எடுத்துப் போடுகிறோம். அதைப் பார்த்து ஆள் வந்தார்கள், வந்தவர் நண்பரைக் கூட்டி வந்தார். காசு கொடுத்துச் செய்த விளம்பரம் ஒன்றும் இருந்தது. அதிலிருந்து வந்து தங்கியவர் எனக்குத் தெரிந்து யாருமில்லை.

பழகியவர்கள் கூடக் கூட வேறு சிக்கல் வந்தது. அவர்கள் கேட்பது எல்லாம் கடினமான எதிரி, கூடுதல் யூனிட், இன்னும் நுணுக்கம். சத்தமும் அவர்களுடையதுதான் பெரிது. புதிதாக வருகிறவர் சத்தமில்லாமல் வந்து சத்தமில்லாமல் போகிறார். சரி, யாருடைய சொல்லை எதற்குக் கேட்பது என்று பிரித்துக்கொண்டேன். யூனிட்டுகளின் பலத்தைப் பற்றிப் பழகியவர்கள் சொல்வதை எடுத்துக்கொள்கிறேன். முதல் அரை மணி நேரத்தைப் பற்றி அவர்களிடம் கேட்பதே இல்லை, அவர்களுக்கு அது மறந்துபோய்விட்டது. அதற்கு ஒவ்வொரு பெரிய மாற்றத்துக்கும் முன்னால், இதுவரை ஆடாத மூன்று பேரைத் தேடிப் பிடித்து மறுபடி மைக்கை அணைத்துவிட்டு உட்காருகிறேன். சோதனை மாற்றங்கள், கேம் விற்கும் இணையக் கடையான ஸ்டீமில் தனி பீட்டா கிளைக்குப் போகும், விரும்புகிறவர்கள் அங்கே போய் ஆடிச் சண்டை பிடிப்பார்கள்.

புதியவர் ஒருவர் கேட்ட கேள்விக்கு "முதலில் ஆடக் கற்றுக்கொள்" என்று பதில் போட்ட ஒருவர் இருந்தார். கேமைப் பற்றி என்னைவிட அதிகம் தெரிந்தவர், பல பக்குகளைப் பிடித்துக் கொடுத்தவர். தனியாக இரண்டு முறை எடுத்துச் சொன்னேன். மூன்றாவது முறை அவரை வெளியே அனுப்பினேன். இரண்டு மாதம் தள்ளிப்போட்டது என் பிழை. அவருக்குப் பயந்து வாய் திறக்காமல் இருந்த நாலைந்து பேர் அந்த வாரமே பேசத் தொடங்கினார்கள்.

கடைப்பக்கம்

ஸ்டீமில் ஒரு கேமுக்கு 100 டாலர் கட்டணம். வெளியிடுவதற்குக் குறைந்தது இரண்டு வாரம் முன்னால் "விரைவில்" பக்கம் பொதுவில் இருக்க வேண்டும். நான் இரண்டு வாரம் போதும் என்று நினைக்கவில்லை, பல மாதம் முன்பே திறந்துவிட்டேன். வாங்க நினைப்பவற்றைக் குறித்து வைக்கும் விஷ்லிஸ்ட்டில் சேர்த்தவர்களுக்கு வெளியீட்டு நாளில் தகவல் போகும், ஆகவே அது சேரக் காலம் வேண்டும். முதல் படமாக அழகான தொடக்கத் திரையை வைத்திருந்தேன். அதை எடுத்துவிட்டு, கணவாயில் மூன்று யூனிட், எதிரே ஐந்து, அடுத்து என்ன செய்வீர்கள் என்று பார்த்ததும் கேட்கத் தோன்றும் ஒரு நிலையை வைத்தேன். வியூகம் பிடித்தவர் அந்தப் படத்தில் நின்று யோசிப்பார்.

டெமோவில் பெரிய மேப்பை 25ஆவது டர்னில் அறுத்துவிட்டிருந்தேன். சண்டை சூடுபிடிக்கும் நேரத்தில் கதவைச் சாத்துவதுபோல் இருக்கிறது என்று பலர் வருத்தப்பட்டார்கள். அதைத் தூக்கிவிட்டு, இரண்டு கணவாய் மட்டும் உள்ள சிறிய மேப் ஒன்றை முழு ஆட்டமாகவே கொடுத்தேன். வெற்றியோ தோல்வியோ அரை மணி நேரத்தில் முடிந்துவிடும். ஸ்டீம் நடத்தும் டெமோ விழாவான நெக்ஸ்ட் ஃபெஸ்ட்டில் ஒரு கேம் ஒரு முறைதான் கலந்துகொள்ள முடியும் என்பதால், இந்த டெமோ தயாராகும் வரை காத்திருந்தேன். அந்தப் பொறுமைக்குப் பலன் இருந்தது.

நான் முன்கூட்டி யோசிக்காமல் விட்டது பணம் திரும்பக் கொடுக்கும் விதியை. வாங்கிய 14 நாளுக்குள், இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால் ஸ்டீமில் பணத்தைத் திரும்பப் பெறலாம். என் கேமில் கணவாய் முற்றுகை, அதாவது நான் மிகவும் நேசித்துச் செய்த பகுதி, மூன்றாவது மணி நேரத்தில்தான் வந்தது. அதற்குள் பலர் முடிவெடுத்துவிட்டார்கள். பயிற்சி நிலைகள் நான்கையும் ஒன்றாகச் சுருக்கி, முற்றுகையை முதல் மேப்பின் நடுவிலேயே கொண்டுவந்தேன். பத்து விமர்சனம் சேர்ந்த பிறகுதான் பக்கத்தில் மதிப்பீடு தெரியும். முதல் பத்தில் நான்கு பேர் பயிற்சி நீளம் என்று எழுதியிருந்தார்கள். சுருக்கிய பிறகு ஒவ்வொருவருக்கும் என்ன மாற்றினேன் என்று பதில் எழுதினேன். இரண்டு பேர் தங்கள் விமர்சனத்தைத் தாங்களே மாற்றி எழுதினார்கள்.

மொழிபெயர்க்க முன்வந்தவர்களுக்காக, கோடுக்குள் சிதறிக்கிடந்த சொற்களை எல்லாம் தனிக் கோப்புக்கு எடுத்தேன். இதை முதல் நாளே செய்துவிடுங்கள். தமிழில் போட்டுப் பார்த்தபோது பழைய கோடாட் 3இல் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நின்றது. கோடாட் 4க்கு மாறியதும் எழுத்து ஒழுங்காக வந்தது.

இப்போது பக் சேனலில் மேலே நிற்பது ஆறு கடப்பது. கணினி எதிரி ஆற்றங்கரையில் படையைக் குவித்துவிட்டு, பாலம் இல்லாத இடத்தில் நாலைந்து டர்ன் நிற்கிறது. "எதிரிக்கு மூளை கூட்டுங்கள்" என்று பன்னிரண்டு பேர் எழுதியிருக்கிறார்கள், அவர்களில் ஏழு பேர் ரீப்ளே கோப்பும் இணைத்திருக்கிறார்கள். மூன்றைத்தான் இதுவரை பார்த்தேன். மூன்றிலும் அந்தப் படைக்கு முந்தைய டர்ன்களில் தானியம் தீர்ந்திருக்கிறது. மீதி நான்கையும் இந்த வாரம் பார்த்துவிட்டுத்தான் கோடைத் தொடுவேன்.